உட்கார்ந்திருந்த ஆட்டக்காரர்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பைத் தொலைபேசியில் சொன்னபோது நம் செயலாளர் சற்று நேரம் பேசவே இல்லை. பிறகு, "சார், பேஸ்பால் நம்ம ஆளுங்களுக்குத் தெரியாதே" என்றார். தெரியவைத்துவிடலாம் என்றேன். "சரி, அதிலயும் ஆடாத ஆளைப் பத்தியா?" என்றார். அவர் கேட்டதில் ஒரு சின்னத் திருத்தம்தான் உண்டு. நான் பேச வந்திருப்பவர் ஆடாதவர் அல்ல. ஆறு பருவங்களில் 297 ஆட்டங்கள் ஆடியவர். மற்ற ஆட்டங்களில் எல்லாம் உட்கார்ந்திருந்தார். அந்த உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

பெயர் பாப் யூக்கர். 1934-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் பிறந்தவர். சுவிட்சர்லாந்திலிருந்து குடியேறிய குடும்பம்.

ஒரு காட்சியிலிருந்து தொடங்குகிறேன். 1964 அக்டோபர் 7, செயின்ட் லூயிஸ் நகரம். அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான வேர்ல்ட் சீரிஸ் அன்று தொடங்குகிறது. உள்ளூர் அணி கார்டினல்ஸ். எதிரில் நியூயார்க் யாங்கீஸ். ஆட்டத்துக்கு முன் மட்டைப் பயிற்சி நடக்கும். அடிப்பவர்கள் அடித்துக்கொண்டிருப்பார்கள், உயரப் பறந்து வரும் பந்துகளைத் தூரத்தில் நின்று பிடித்துப் போடுவது மற்றவர்கள் வேலை. அன்று கூட்டத்துக்கு வாசிக்க வந்த இசைக்குழு ஒன்று தன் வாத்தியங்களைப் புல்தரையில் வைத்துவிட்டு எங்கோ போயிருந்தது. அதில் டியூபா ஒன்று. டியூபா தெரியுமல்லவா? போலீஸ் பேண்டில் பார்த்திருப்பீர்கள். உடம்பைச் சுற்றி மாட்டிக்கொண்டு ஊதுகிற பெரிய பித்தளை வாத்தியம், வாய் அண்டா அளவுக்கு அகன்றிருக்கும். யூக்கர் அதைத் தூக்கி மாட்டிக்கொண்டார். கையுறைக்குப் பதிலாக டியூபாவின் வாயால் பந்து பிடிக்கத் தொடங்கினார். சில பந்துகள் உள்ளே விழுந்தன. சில விளிம்பில் பட்டுப் பித்தளையை நசுக்கின. சக ஆட்டக்காரர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நசுங்கியதற்கான பணத்தை அணி நிர்வாகம் அவரிடமே வசூலித்துவிட்டது என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தத் தொடர் ஏழு ஆட்டம் வரை போனது. கார்டினல்ஸ் வென்றது. யூக்கர் ஒரு பந்துக்குக்கூடக் களமிறங்கவில்லை. ஏழு ஆட்டங்களிலும் டிம் மெக்கார்வர் என்ற இளைஞர்தான் கேட்சர். அவர் அடித்த சராசரி .478, அதாவது கிட்டத்தட்ட இரண்டுக்கு ஒன்று; அந்த வாரம் அவரை வெளியே உட்காரவைக்க எந்த மேலாளருக்கும் கை வந்திருக்காது. வேர்ல்ட் சீரிஸில் யூக்கரின் பங்கு என்று கேட்டால் அந்த டியூபாதான்.

இப்போது கேட்சர் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். நம் விக்கெட் கீப்பர் மாதிரி என்று சொல்லித் தப்பித்துவிடலாம், பாதிதான் சரி. பந்து வீசுபவருக்கு பிட்சர் என்று பெயர். அவர் 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து வீசுகிறார். அடிப்பவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருப்பவர் கேட்சர். முகத்தில் கம்பி முகமூடி, மார்பில் மெத்தைக் கவசம், காலில் கவசம். இந்தத் தளவாடங்களுக்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் கேலிப் பெயருக்கு 'அறியாமையின் கருவிகள்' என்று பொருள். கொஞ்சமாவது புத்தி இருப்பவன் இதையெல்லாம் மாட்டிக்கொண்டு அங்கே போய் உட்காருவானா என்பது அதில் உள்ள குத்தல். உண்மையில் களத்தில் மூளை வேலை அதிகம் செய்கிறவர் கேட்சர்தான். அடுத்த பந்து என்ன ரகம், எங்கே விழ வேண்டும் என்று அந்நாளில் இரண்டு தொடைகளுக்கு நடுவே விரல்களால் சைகை காட்டுவார். பிட்சர் தலையசைத்தால் அந்தப் பந்து வரும். ஒரு ஆட்டத்தில் நூற்றுக்கு மேல் பந்துகள். ஒவ்வொன்றுக்கும் இந்த மௌனப் பேச்சு நடக்கும்.

முழங்கால் என்னத்துக்கு ஆகும்? 1962 முதல் யூக்கர் ஆடிய லீகில் ஒரு பருவத்துக்கு 162 ஆட்டம். யாராலும் அத்தனையையும் குந்தியபடி ஆட முடியாது. அதனால்தான் இரண்டாவது கேட்சர் என்று ஒருவர் ஒவ்வொரு அணியிலும் உண்டு. இங்கே ஒரு விதி குறுக்கிடுகிறது. பேஸ்பாலில் ஒருவரை வெளியே எடுத்துவிட்டால் அவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்பி வரவே முடியாது. இரண்டாவது கேட்சரை வேறு எதற்காவது நடுவில் இறக்கிவிட்டு, பிறகு முதல் கேட்சரின் விரலில் பந்து பட்டு நகம் பெயர்ந்தால், கவசம் மாட்ட ஆள் இல்லை. ஆகவே மேலாளர் அவரைப் பத்திரமாக வைத்திருப்பார். அவர் தேவைப்படுகிறார், தேவைப்படுவதால்தான் அவரை ஆடவிடுவதில்லை. வீட்டில் விருந்தாளிக்கென்று பீரோவுக்குள் அடுக்கிவைத்த பீங்கான் தட்டு மாதிரி.

அதற்காக அவர் சும்மா இருப்பதும் இல்லை. மைதான ஓரத்தில் புல்பென் என்ற ஒரு இடம் உண்டு. அடுத்து வீசப்போகும் பிட்சர்கள் அங்கே கை சூடேற்றிக்கொள்வார்கள். அந்தப் பந்துகளைப் பிடிப்பவர் இந்த இரண்டாவது கேட்சர்தான். ஒரு பருவத்தில் அப்படி ஆயிரக்கணக்கான பந்துகள். எந்தப் புள்ளிவிவரப் புத்தகத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது.

கட்டம் உள்ள கணக்கைப் பார்ப்போம். பேஸ்பால் கணக்குப்பிள்ளைகளின் ஆட்டம். யூக்கர் வாழ்நாளில் கணக்கில் சேர்ந்த 731 முறை மட்டை பிடித்தார். அதில் 146 முறை அடித்துப் பத்திரமாகத் தளம் சேர்ந்தார். இங்கே யாராவது கைபேசியில் வகுத்துப் பாருங்கள். 0.1997 வரும். அவர்கள் மூன்று தசம இடம்வரைதான் எழுதுவார்கள், ஆகவே .200. ஒரு அடி குறைந்து 145 ஆகியிருந்தால் .198. யூக்கர் என்றாலே எல்லோரும் சொல்லும் அந்த 'இருநூறு' இருக்கிறதே, அதுவே முழுமையாக்கிப் போட்ட எண்தான். கடைக்காரர் மீதி ஐம்பது காசை விட்டுக்கொடுத்த கதை.

.200 எவ்வளவு மோசம்? .300 அடிப்பவர் பெரிய ஆட்டக்காரர். அதாவது பத்தில் ஏழு முறை தோற்பவர். .200-க்குக் கீழே போனால் வேலை போகும் என்று ஒரு வாய்மொழி எல்லை உண்டு. மரியோ மெண்டோசா என்ற ஆட்டக்காரரின் பெயரால் பின்னாளில் அதை 'மெண்டோசா கோடு' என்று அழைத்தார்கள். யூக்கர் அந்தக் கோட்டின் மேல் குந்தி உட்கார்ந்திருந்தார். ஆறு பருவங்களில் 14 ஹோம் ரன், அதாவது வேலியைத் தாண்டிய அடி. அவர் முதன்முதலில் சேர்ந்த மில்வாக்கி பிரேவ்ஸ் அணியில் கூட ஆடிய ஹேங்க் ஆரன் 1962 என்ற அந்த ஒரே ஆண்டில் அடித்தது 45.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1962-இல் மேஜர் லீக் என்னும் முதல்நிலைப் போட்டியில் 20 அணிகள். அணிக்கு 25 பேர். நாடு முழுவதற்கும் 500 இடம். தெருவுக்குத் தெரு பையன்கள் பேஸ்பால் ஆடிய நாட்டில், ராணுவத்திலும் ஆலைகளிலும் கல்லூரிகளிலும் அணிகள் இருந்த காலத்தில், அந்த 500 நாற்காலிகளில் ஒன்றில் இவர் உட்கார்ந்திருந்தார். 1956-இல் ஒப்பந்தமாகி, சிறு லீகுகளில் ஊர் ஊராக ஆறு ஆண்டு ஆடி, 1962 ஏப்ரலில் தன் சொந்த ஊர் அணிக்குள் நுழைந்தார். சிறுவயதில் ஆட்டம் பார்த்த ஊர். அந்த நுழைவை எளிதான காரியமாக நாம் எண்ணிவிடக் கூடாது. ஆனால் எளிதாக எண்ண வைத்தவர் யூக்கரேதான்.

1956 ஒப்பந்தத்தை அவர் எப்படிச் சொல்வார் தெரியுமா? மூவாயிரம் டாலருக்குக் கையெழுத்துப் போட்டேன். அப்பாவுக்குத்தான் கஷ்டம், அவ்வளவு பணம் அவரிடம் இல்லை, எப்படியோ புரட்டி அணிக்குக் கட்டிவிட்டார். 1964 வெற்றிக்கு உங்கள் பங்களிப்பு என்ன? எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. எப்படி வந்தது? அணியின் வைத்திய உதவியாளர் ஊசி போட்டுத்தான். 1965-இல் அவருக்கு வெளிவந்த பேஸ்பால் அட்டையைப் பார்த்தால் இன்னொன்று புரியும். நம் பையன்கள் பபிள்கம் வாங்கிச் சேர்த்த கிரிக்கெட் அட்டை மாதிரி அங்கேயும் உண்டு. வலது கை ஆட்டக்காரரான அவர் அதில் இடது கை ஆட்டக்காரராக மட்டை பிடித்துப் படத்துக்கு நிற்கிறார். முகத்தில் ஒரு சிரிப்புக் கோடு இல்லை. எவனும் கவனிக்கமாட்டான் என்று பந்தயம் கட்டியவர் முகம். அட்டை அச்சாகி நாடு முழுக்கப் போயிற்று.

சிரிக்கவைப்பவர்கள் சொல்வதை நாம் அப்படியே நம்பிவிடுகிறோம். இதுதான் என் மனக்குறை. 'மோசமான ஆட்டக்காரன்' என்று அவர் ஐம்பது ஆண்டு சொன்னார். அதையே நாம் வரலாறாக எழுதிவைத்துவிட்டோம். அடிக்கும் விஷயத்தில் அவர் சொன்னது சரி. பிடிக்கும் விஷயத்தில் அவர் தேர்ந்த கை. அதற்குச் சாட்சி சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். அவரிடம் வருவதற்கு முன், ஆட்டக்காரர்களின் அன்றைய வாழ்க்கையைப் பற்றி ஒரு வார்த்தை.

1964 ஏப்ரலில் பிரேவ்ஸ் அவரைக் கார்டினல்ஸுக்கு மாற்றியது. 1965 அக்டோபரில் கார்டினல்ஸ் அவரை பில் வைட், டிக் க்ரோட் ஆகியோருடன் பிலடெல்பியாவுக்கு அனுப்பியது. 1967 ஜூனில் பிலடெல்பியா அவரைத் திரும்பவும் பிரேவ்ஸுக்கே கொடுத்தது. அதற்குள் பிரேவ்ஸ் அணியே மில்வாக்கியை விட்டு அட்லாண்டாவுக்குக் குடிபெயர்ந்திருந்தது. இந்த வாக்கியங்களில் எழுவாய் எல்லாம் அணிதான் என்பதைக் கவனித்தீர்களா? ஆட்டக்காரரைக் கேட்பது கிடையாது. ஒப்பந்தம் முடிந்தாலும் அவர் அந்த அணியின் உடைமையாகவே நீடிப்பார் என்றொரு ஷரத்து இருந்தது. காலையில் தொலைபேசி வரும். மாலையில் பெட்டியைக் கட்ட வேண்டும்.

யூக்கர் போன அதே பாதையில், செயின்ட் லூயிஸிலிருந்து பிலடெல்பியாவுக்கு, நான்கு ஆண்டு கழித்து இரண்டு பழைய தோழர்களை மாற்றினார்கள். ஒருவர் அந்த டிம் மெக்கார்வர். இன்னொருவர் கர்ட் ஃப்ளட், 1964 அணியின் நட்சத்திரங்களில் ஒருவர், கறுப்பினத்தவர். ஃப்ளட் போகமாட்டேன் என்றார். நான் வாங்கி விற்கும் சரக்கு அல்ல என்று வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அவருடைய ஆட்ட வாழ்வும் அந்த வழக்கோடு போயிற்று. ஆனாலும் 1975-இல் ஒரு நடுவர் தீர்ப்பில் அந்த ஷரத்து உடைந்தது. யூக்கருக்கு இதில் எதுவும் பயன்படவில்லை. ஆட்டக்காரர் சங்கம் போட்ட முதல் ஒப்பந்தத்தில் குறைந்தபட்சச் சம்பளம் 6,000 டாலரிலிருந்து 10,000 ஆனது 1968-இல். அவர் ஆட்டம் முடிந்தது 1967. ரயில் போன பிறகு நடைமேடை போட்ட மாதிரி.

சாட்சிக்கு வருகிறேன். அட்லாண்டாவில் அவருக்காகக் காத்திருந்த பிட்சரின் பெயர் ஃபில் நீக்ரோ. இது போலந்து வம்சாவளிக் குடும்பப் பெயர். தமிழில் எழுதும்போது வேறு அர்த்தம் வந்துவிடுகிறது என்பதால் ஃபில் என்றே சொல்லிப்போகிறேன். ஒஹையோவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகன். அப்பா கொல்லைப்புறத்தில் கற்றுக்கொடுத்த ஒரு பந்து அவரிடம் இருந்தது. நக்கிள்பால் என்பார்கள்.

அந்தப் பந்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். நம் ஊரில் சுழற்பந்து என்றால் எவ்வளவு சுற்றுகிறது என்பதில்தான் வித்தை. நக்கிள்பாலில் எவ்வளவு சுற்றாமல் இருக்கிறது என்பதே வித்தை. விரல் நுனிகளை, நகங்களைப் பந்தின் தோலில் ஊன்றிப் பிடித்து, மணிக்கட்டை விறைப்பாக வைத்து, தள்ளி விடுவது. பந்து ஏறக்குறையச் சுழலாமல் மிதந்து வரும். சுழலாததால் பந்தின் தையல் மேடு காற்றில் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதற்கேற்பக் காற்று ஒரு பக்கம் இழுக்கும், மறுகணம் தையல் சற்றே நகர்ந்ததும் இன்னொரு பக்கம் இழுக்கும். வேகம் குறைவு. ஆனால் எங்கே போகும் என்று வீசியவருக்கே தெரியாது. மழைக்கு முன் வீட்டுக்குள் நுழைந்த வண்ணத்துப்பூச்சியைத் துண்டால் பிடிக்கப் பார்த்திருக்கிறீர்களா? அந்த மாதிரி.

அடிப்பவருக்குச் சிரமம் என்றால் பிடிப்பவருக்கு இரட்டைச் சிரமம். அடிப்பவர் தவறவிட்டால் சும்மா நிற்கலாம். கேட்சர் தவறவிட்டால் பந்து பின்னால் உருண்டோடும், எதிரணியின் ஓட்டக்காரர் ஒரு தளம் முன்னேறுவார். மூன்றாம் தளத்தில் ஆள் நின்றால் ஒரு ஓட்டமே போய்விடும். பிடித்திருக்க வேண்டிய பந்தை விட்டுவிட்டார் என்று கணக்கர் கருதினால் 'பாஸ்டு பால்' என்று கேட்சரின் பெயரில் ஒரு கோடு விழும். ஆகவே நெருக்கடியான நேரத்தில் கேட்சர்கள் என்ன செய்வார்கள்? நக்கிள்பாலுக்குச் சைகை காட்டமாட்டார்கள். நேர்ப்பந்து கேட்பார்கள். ஃபிலின் நேர்ப்பந்து சாதாரணம். அடி விழும். தன்னுடைய நல்ல பந்தை, அது அதிகம் தேவைப்படும் நேரத்தில், பிடிக்க ஆளில்லாமல் சட்டைப்பைக்குள் வைத்திருந்தவர் அவர். 1964-லிருந்து முதல் அணிக்கும் சிறு லீகுக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தார். வயது 28 ஆகியிருந்தது.

யூக்கர் வந்தார். சொன்னது எளிமையானது: உன்னிடம் இருக்கும் பந்து இதுதான், இதையே வீசு; பிடிப்பது என் பாடு. ஃபில் இதைக் கடைசிவரை பலரிடம் நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

விளைவு இரண்டு பக்கமும் எழுதப்பட்டிருக்கிறது. 1967 பருவத்தில் ஃபில் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுத்த ஓட்டம் 1.87, அந்த ஆண்டு லீகிலேயே அதுதான் குறைவு. அதே ஆண்டு லீகிலேயே அதிக பாஸ்டு பால் விட்டவர் பாப் யூக்கர், 27. ஆண்டு முழுக்க ஆடிய முதல்நிலைக் கேட்சர்களையெல்லாம் இந்த அரைகுறை ஆட்டக்காரர் அந்த ஒரு கட்டத்தில் முந்திவிட்டார்.

இந்த இரண்டு எண்களையும் தனித்தனிப் பக்கத்தில் போட்டிருப்பதுதான் புள்ளிவிவரப் புத்தகத்தின் குருட்டுத்தனம். என் கணக்கில் இவை ஒரே வரவுசெலவின் இரண்டு பத்திகள். அந்த 27 கோடுகள் பயந்துகொண்டு நேர்ப்பந்து கேட்டிருந்தால் விழுந்திருக்காது. அவரவர் பெயரில் கறை விழாமல் பார்த்துக்கொள்வது அலுவலகத்திலும் உண்டு, ஆடுகளத்திலும் உண்டு. இவர் தன் பெயரில் விழட்டும் என்று கையை நீட்டினார். ஃபில் அதன்பின் இருபது ஆண்டு வீசினார். 48 வயதில் 318 வெற்றிகளோடு ஓய்வுபெற்றார். 1997-இல் பேஸ்பால் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார்.

நக்கிள்பாலை எப்படிப் பிடிப்பது என்று யூக்கரிடம் கேட்டால் அவர் சொல்லும் பதில் அமெரிக்காவில் பழமொழி மாதிரி ஆகிவிட்டது. உருண்டு நிற்கும்வரை காத்திருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பார். நல்ல நகைச்சுவை. அதைக் கேட்டுச் சிரிப்பவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆண்டின் 1.87 தெரியும்?

அந்தப் பருவத்தில் அவர் அடித்த சராசரி .150. பருவம் முடிந்ததும் அணி அவரை விடுவித்தது. ஆட்ட வாழ்க்கை முடிந்தது. வயது 33.

அந்தப் பதினான்கு ஹோம் ரன்களில் ஒன்றை விட்டுவிட மனம் வரவில்லை. 1965-இல் சாண்டி கூஃபாக்ஸின் பந்தில் அடித்தது. அந்த ஆண்டு கூஃபாக்ஸ் 382 பேரை வெறும் வீச்சால் வெளியேற்றினார்; செப்டம்பரில் எதிரணியில் ஒருவரும் தளம் சேராத முழு ஆட்டம் ஒன்றையும் வீசினார். அப்படிப்பட்டவரின் பந்தை யூக்கர் வேலிக்கு வெளியே அனுப்பினார். இதனால் கூஃபாக்ஸுக்குப் புகழ் மண்டபத்தில் இடம் கிடைக்காமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டேன் என்பது பின்னாளைய விளக்கம்.

பேஸ்பாலில் இதைவிடச் சுருக்கமான வாழ்க்கைகளும் உண்டு. மூன்லைட் கிரஹாம் என்பவர் 1905 ஜூன் 29 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸ் அணிக்காக ஒரே ஒரு ஆட்டத்தின் கடைசிப் பகுதியில் களத்தில் நின்றார். மட்டை பிடிக்கும் முறை வரும் முன்பே ஆட்டம் முடிந்தது. பிறகு மருத்துவராகி, மினசோட்டாவின் சிஷோம் என்ற சுரங்க ஊரில் பள்ளிப் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டே வாழ்ந்து முடித்தார். அவர் பிடிக்காமலே போன அந்த மட்டை இடம்பெறும் ஒரு நாவலும், அதிலிருந்து 'ஃபீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ்' என்ற படமும் வந்தன. படம் வெளியானது 1989. அதே ஆண்டு 'மேஜர் லீக்' என்ற நகைச்சுவைப் படத்தில் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியின் வானொலி வர்ணனையாளராக யூக்கர் நடித்தார். முதல் படத்தில் கண்ணீர், இரண்டாவதில் சிரிப்பு. எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். அதில் யாரும் யாருக்காகவும் உருகுவதில்லை.

வர்ணனையாளர் வேடம் அவருக்கு வேடமே அல்ல. 1970-இல் பட் செலிக் என்பவர் சியாட்டிலில் திவாலான ஒரு அணியை வாங்கி மில்வாக்கிக்குக் கொண்டுவந்தார். பிரூவர்ஸ் என்று பெயர். யூக்கரை இளம் திறமைகளைத் தேடி எழுதி அனுப்பும் வேலையில் வைத்தார். வந்த அறிக்கை ஒன்றில் கிரேவியும் மசித்த உருளைக்கிழங்கும் அப்பியிருந்தன என்று செலிக் சொல்வார். இவருக்கு எழுத்து ஒத்துவராது என்று மைக்கின் முன் உட்காரவைத்தார்கள். அது 1971. 2024 வரை, 54 பருவங்கள் அந்த நாற்காலியில் இருந்தார்.

இடையில் தொலைக்காட்சிப் புகழ் வந்தது. ஜானி கார்சனின் இரவு நிகழ்ச்சியில் ஏறக்குறைய நூறு முறை தோன்றினார். பீர் விளம்பரத்தில் நடித்தார்: மைதானத்தில் நல்ல இருக்கையில் அவர் உட்கார்ந்திருக்க, இடம் மாற்றி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஊழியர் எழுப்புவார். எனக்கு முன்வரிசை போலிருக்கிறது என்று பூரித்துக் கிளம்புவார். அடுத்த காட்சியில் மைதானத்தின் உச்சாணிக் கடைசி வரிசையில், ஆளரவமற்ற நாற்காலிகளுக்கு நடுவே உட்கார்ந்து கத்திக்கொண்டிருப்பார். மில்வாக்கி மைதானத்தில் கூரையின் தூண் மறைக்கும் மேல்வரிசை இருக்கைகளை 'யூக்கர் இருக்கை' என்று பெயரிட்டு ஒரு டாலருக்கு விற்றார்கள். 2014-இல் அந்தக் கடைசி வரிசையில் அவருக்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள். நிற்கும் சிலை ஒன்று வாசலில் ஏற்கெனவே இருந்தது. இது உட்கார்ந்த சிலை. உட்கார்ந்திருந்ததற்காகச் சிலை பெற்ற விளையாட்டு வீரர் உலகத்தில் வேறு யார் என்று நான் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

வானொலியில் நேர்முக வர்ணனை கேட்டு வளர்ந்த தலைமுறை இங்கே பாதிக்கு மேல் இருக்கிறது. அந்தக் குரல்காரரின் வேலை என்னவென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பார்ப்பது, உடனே சொல்வது. யூக்கர் பார்ப்பதற்குப் பழகியது எங்கே? புல்பென்னில், ஆட்டக்காரர்கள் காத்திருக்கும் டக்அவுட் பெஞ்சில். ஆடுபவருக்குத் தன் பந்து மட்டும் தெரியும். உட்கார்ந்திருப்பவருக்கு, மேலாளர் எப்போது எழுந்து நிற்கிறார், பிட்சரின் தோள் எப்போது தொய்கிறது, எவன் பந்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்க்கிறான் என்று எல்லாம் தெரியும். சாவகாசமான இன்னிங்ஸ்களில் மீன்பிடிக் கதை, பழைய கதை என்று அலைவார். ஆட்டம் இறுகியதும் கதை நின்றுவிடும். பந்து மட்டும் இருக்கும்.

2018-இல் பிரூவர்ஸ் ஆட்டக்காரர்கள் பிளேஆஃப் என்னும் பருவ இறுதிச் சுற்றில் தங்களுக்குக் கிடைத்த பரிசுத் தொகையில் யூக்கருக்கும் ஒரு முழுப் பங்கு என்று வாக்களித்துத் தீர்மானித்தார்கள். அப்போது அவருக்கு 84 வயது. வாங்கி அறப்பணிகளுக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த அணி இன்றுவரை வேர்ல்ட் சீரிஸை வென்றதில்லை. 1982-இல் ஒருமுறை ஏழாவது ஆட்டம்வரை போய்த் தோற்றது. தோற்கடித்தது யார் என்கிறீர்கள்? அதே செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்.

2024 அக்டோபர் 3. மில்வாக்கியில் நாக்அவுட் சுற்றின் தீர்மான ஆட்டம். கடைசி இன்னிங்ஸில் பிரூவர்ஸ் 2-0 முன்னிலை. நியூயார்க் மெட்ஸின் பீட் அலோன்சோ மூன்று ஓட்டம் தரும் ஹோம் ரன் அடித்தார். பிரூவர்ஸ் 4-2 என்று தோற்றது. 90 வயதான யூக்கர்தான் மைக்கின் முன். நிகழ்ச்சியை முடிக்கும்போது அவர் நீட்டிப் பேசவில்லை. இந்தத் தோல்வி கொஞ்சம் சுருக்கென்று குத்திவிட்டது என்பதாக ஒரு வாக்கியம், அவ்வளவுதான்.

2025 ஜனவரி 16 அன்று இறந்துபோனார். நுரையீரல் புற்றுநோய். 2023 தொடக்கத்திலேயே கண்டறிந்துவிட்டார்கள் என்பதைக் குடும்பத்தார் அதன் பிறகே வெளியில் சொன்னார்கள். இரண்டு பருவங்கள் அதோடுதான் வந்து உட்கார்ந்து வர்ணனை செய்திருக்கிறார். தன் .200-ஐயும், தன் 27 பாஸ்டு பாலையும், தன் மஞ்சள் காமாலையையும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்தவர் இதை மட்டும் நேயர்களிடம் சொல்லவில்லை.